ஊபுவே-புவாஞியும் ஐவரி கோஸ்ட் உழவரும்

பயிர் விளைப்பவன் ஒருவன். அதற்கு விலை விதிப்பவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே நிகழும் வழக்கு மிகப் பழமையானது. அவ்வழக்கில் உழவர் பக்கம் நின்று வாதாடி, சட்டமியற்றி, மந்திரிப் பதவி வகித்து, முடிவில் தாமே விலை விதிக்கும் பீடத்தில் அமர்ந்தவர் ஒருவர் ஆபிரிக்காவில் இருந்தார். அவர் பெயர் பெலிக்ஸ் ஊபுவே-புவாஞி. அவர்தம் வாழ்க்கையையும், அதனால் நாம் அறியத்தகுவது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

இளமை

மேற்கு ஆபிரிக்காவில் கினியா வளைகுடாவை அடுத்துள்ளது ஐவரி கோஸ்ட் என்னும் நாடு. அது 1893 முதல் பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடாக இருந்தது. அதன் தென்பாகம் மழை மிகுந்த காடு; அங்கே கொக்கோவும் காப்பியும் செழித்து வளரும். நாட்டின் நடுவிலுள்ள யாமுசுக்ரோ என்னும் ஊரில், பவுலே இனத்துத் தலைவர் குடும்பத்தில் நம் தலைவர் தோன்றினார். 1905-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ஆம் நாள் பிறந்தார் என்பது அரசாங்கப் பதிவு. அவர் செனெகல் நாட்டிலே கல்வி கற்று, 1925-இல் வைத்தியத் தொழிலுக்குரிய தேர்வில் தேறி, ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் அரசாங்க ஊழியராய் ஊர்தோறும் சென்று மருத்துவம் செய்தார்.

நோய் தீர்க்கச் சென்ற இடத்தில் அவர் கண்டது உடல் நோய் மாத்திரமன்று. நாட்டின் கீழ்பாகத்திலே கொக்கோ பயிரிட்ட குடிகள், வியாபாரிகள் கொடுத்த அற்ப விலையை வாங்கிக்கொண்டு வறுமையில் வாடினர். உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த காலம் அது. 1932-இல் அவர் தம் பெயரை மறைத்து, ஒரு பத்திரிகையில் இக்கொடுமையைக் கண்டித்து எழுதினார். 'எம்மிடம் மிதமிஞ்சித் திருடிவிட்டனர்' என்பது அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். அரசாங்க ஊழியர் ஒருவர் இவ்வாறு எழுதுவது அக்காலத்தில் எளிய செயலன்று.

கட்டாய ஊழியம்

1940-இல் அவர் தம் குல உரிமைப்படி ஊர்த்தலைமை ஏற்று வைத்தியத் தொழிலை விடுத்தார். அதற்குள் அவர் பெரிய தோட்டங்களுக்கும் உரியவராயிருந்தார். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அந்நாளில் ஊர்த்தலைவர் என்பார் வரி தண்டுவதற்கும், அரசாங்கம் கேட்ட பொழுதெல்லாம் ஆட்களைப் பிடித்து அனுப்புவதற்கும் பொறுப்புடையவர். அங்ஙனம் பிடிக்கப்பட்டவர்கள் சாலை அமைக்கவும், வெள்ளையர் தோட்டங்களில் உழைக்கவும் கொண்டுசெல்லப்பட்டனர். கூலி மிகக் குறைவு, மறுத்தால் தண்டனை. வடபாகத்து மக்கள் பல்லாயிரவர் இவ்வாறு தம் ஊரையும் வயலையும் விட்டுப் பிரிந்தனர்.

ஆபிரிக்கத் தோட்டக்காரருக்கோ இதனால் இரட்டை இழப்பு. ஐரோப்பியருக்கு ஆட்களை அரசாங்கமே அளித்தது. இவர்களுக்கு ஆள் கிடைப்பதரிது. அன்றியும், யுத்த காலத்தில் ஐரோப்பியர் விளைபொருளுக்கு மிகுதியான விலை கொடுக்கப்பட்டது. அதே பொருளை ஆபிரிக்கர் கொணர்ந்தால் விலை குறைந்தது. தோட்டமுடையவரே சில வேளை கட்டாய ஊழியத்திற்கு இழுக்கப்பட்டனர்.

சங்கம் தோன்றியது

இந்நிலையை மாற்ற எண்ணி, 1944-ஆம் ஆண்டில் ஊபுவேயும் அவர்தம் தோழர்களும் 'ஆபிரிக்க விவசாய சங்கம்' கண்டனர். கவர்னராயிருந்த லாத்ரீல் என்பவர் சங்கத்தை அங்கீகரித்து ஆதரவளித்தார். விரைவில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 20,000 ஆயிற்று.

அச்சங்கம் செய்த முதற்காரியம் அறிவுடையது. கட்டாயமின்றி ஆள் கிடைக்காது என்பது வெள்ளைத் தோட்டக்காரரின் வாதம். சங்கத்தாரோ உயர்ந்த கூலியும், சில இடங்களில் விளைவில் ஒரு பங்கும் தருவதாகச் சொல்லி ஆட்களை அழைத்தனர். ஆட்கள் தாமே விரும்பி வந்தனர். இதனால் எதிரிகளின் வாதம் அடியோடு சாய்ந்தது.

சட்டமும் மந்திரிப் பதவியும்

சங்கத்தின் வலிமையால் ஊபுவே 1945-இல் பிரெஞ்சு அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது தம் பெயருடன் 'புவாஞி' என்பதைச் சேர்த்துக்கொண்டார். தம் மொழியில் ஆட்டுக்கடா என்று பொருள்படும் அச்சொல், எதிர்த்து நிற்கவொண்ணா வலிமையைக் குறிப்பதாகும். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ஆம் நாள், கடல்கடந்த பிரெஞ்சு நாடுகள் அனைத்திலும் கட்டாய ஊழியத்தை ஒழிக்கும் சட்டம் வெளியாயிற்று. அச்சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. தோட்டக்காரர் சங்கமொன்று தொடங்கி இரண்டாண்டு நிறைவதற்குள், பல நாட்டு ஏழை மக்களின் விலங்கு தறிபட்டது.

அவ்வாண்டிலேயே பமாக்கோ நகரில் கூடிய மாநாட்டில் ஆபிரிக்க ஜனநாயகக் கட்சிக்கு அவர் தலைவரானார். தொடக்கத்தில் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளோடு அக்கட்சி உறவு பூண்டிருந்தது. 1949, 1950-ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் கடும் அடக்குமுறையை ஏவவே, அவர் அவ்வுறவை அறுத்து, அரசாங்கத்தாரோடு இணங்கி உழைக்கும் வழியை மேற்கொண்டார். 1956 முதல் 1959 வரை பாரிஸ் நகரில் பல மந்திரிசபைகளில் இடம்பெற்றார். குடியேற்ற நாடுகளுக்குச் சுயாட்சி உரிமைகளை விரிவாக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்குண்டு.

ஆட்சியும் விளைவும்

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஐவரி கோஸ்ட் சுதந்தரம் பெற்றது. ஊபுவே-புவாஞி முதல் ஜனாதிபதியானார். நிலத்தைப் பண்படுத்துபவனுக்கே நிலம் உரியது என்று 1963-இல் அவர் அறிவித்தார். அதனை நம்பி அண்டை நாட்டாரும் இலட்சக்கணக்கில் வந்து காடு திருத்தினர். சுதந்தர காலத்தில் ஏறக்குறைய 1 இலட்சம் டன்னாயிருந்த கொக்கோ விளைவு, 1980-களின் இறுதியில் 7 இலட்சம் டன்னைக் கடந்தது. 1970-களின் பிற்பகுதியிலே கானா நாட்டையும் விஞ்சி உலகில் முதலிடம் எய்தியது.

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். விளைபொருள் விலையை அரசாங்க நிலைநிறுத்த நிதி நிறுவனமே பருவந்தோறும் விதித்தது. சந்தை விழுந்த காலத்தில் உழவனைத் தாங்குவதே அதன் நோக்கம். ஆனால் 1970-களில் உலகச் சந்தையில் விலை வானளாவ உயர்ந்தபோது, அவ்வுயர்வில் பெரும்பகுதி அரசாங்கத்தின் கைக்கே சென்றது. சாலைகளும் பள்ளிகளும் அதனால் எழுந்தன என்பது மெய்யே. எனினும் அதனைப் பங்கிடுவதில் உழவனைக் கலந்தவர் இலர். பின்னர்ச் சந்தை வீழ்ந்தது. 1987-இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திற்று, கொக்கோவை விற்காது தேக்கிவைத்தும் பார்த்தது, பயனில்லை. 1989-இல், கிலோ ஒன்றுக்கு 400 பிராங்காக இருந்த உழவர் விலை 200 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே யாமுசுக்ரோவில் அவர் எழுப்பிய மாபெரும் தேவாலயத்தைப் போப் இரண்டாம் ஜான் பால் அர்ப்பணம் செய்தார். அவ்வாண்டிலேயே நகர வீதிகளில் மக்கள் கிளர்ந்தெழ, பிற கட்சிகளுக்கும் இடமளிக்கப்பட்டது. ஊபுவே-புவாஞி 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் பதவியிலிருந்தவாறே காலமானார்.

முடிவு

1932-இல் அவர் கேட்ட கேள்வி யாது? விளைத்தவனைக் கேளாமல் விலை விதிப்பது நியாயமா என்பதே. 1989-இல் அக்கேள்வியே அவர் அரசாங்கத்தின்முன் வந்து நின்றது. அவர் உழவரை மறந்தார் என்று நாம் சொல்லத் துணியோம். கட்டாய ஊழியத்தை ஒழித்த புகழ் அவரைவிட்டு நீங்காது. ஆயினும் உழவருக்காகப் பேசிய சங்கம் கட்சியாயிற்று, கட்சி அரசாங்கமாயிற்று, அரசாங்கத்தின் எதிரே நின்று உழவருக்காகப் பேச மற்றொரு சங்கம் வலிமையோடு எழவில்லை. குறை இங்கேதான் உளது.

நல்லவர் ஒருவர் பீடத்தில் இருப்பதே போதும் என எண்ணுவது பிழை. விலை விதிக்கும் இடத்தில் விளைப்பவனுக்கும் ஓர் ஆசனம் வேண்டும். தலைவர் எத்துணை நல்லவராயினும் அவ்வாசனத்தை அவரிடம் ஒப்படைத்தலாகாது என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும்.