புரோட்டான் மோதலும் துகள் தாரைகளும்

நம் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகைக் கூடை கவிழ்ந்தால், பூக்கள் சிதறிய விதமே அது விழுந்த விதத்தைச் சொல்லும்.

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் நிலத்தடி வளையத்தில், 2011-இல் விஞ்ஞானிகள் புரோட்டான்களை மோதவிட்டு இவ்வாறே ஆராய்ந்தனர். புரோட்டானுள் உள்ள குவார்க் தனித்து வெளிவராது. துகள்களின் தாரையாகவே பாயும். பெரும்பாலும் தாரைகள் இரண்டு. குளுவான் என்னும் துகளும் பிரிந்தால் மூன்று. இவற்றின் விகிதம், குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் வலிமையைக் காட்டும்.

சி.எம்.எஸ். என்னும் கருவியால் எடுத்த இவ்வளவீடு 2013-இல் வெளியாயிற்று, கோட்பாட்டுடன் பொருந்தியது. பொருந்தாதிருந்தால் கோட்பாட்டையே திருத்த நேர்ந்திருக்கும்! அக்கருவியின் ஒரு பகுதியை உருவாக்கியதில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற்கும் பங்குண்டு.

சான்று கேட்ட புனித தோமையாரைப் போல் நாமும் சோதித்தறிந்து கற்போமாக!