ஆங்கிலச் சொல்வகை அறிதல் : ஒரு தமிழ் நோக்கு

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. அவ்வூர் வகுப்பறையில் ஆசிரியர் 'படி' என்றால் மாணவர் நூலை விரிக்கின்றனர். 'சொன்னபடி செய்' என்னுமிடத்து அதே வடிவம் மூன்றாவது பணியை ஏற்கின்றது. பெயராகவும் வினையாகவும் இடைச்சொல் போன்றும் வரும் இச்சொல்லில் தமிழ் மாணவர் எவரும் மயங்குவதில்லை. ஆயினும், ஆங்கில வாக்கியமொன்றில் ஒரு சொல் எவ்வகையது என வினவினால் அவர்களே திகைக்கின்றனர். சொற்பட்டியலை மனனம் செய்து, சொல் நிற்கும் இடத்தை நோக்காமையே இதற்குக் காரணம் என்று கருதுகிறோம்.

1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணி, தமிழும் தெலுங்கும் புழங்கும் எல்லையூர். அங்கிருந்து வரும் மாணவர் சிலர் தெலுங்கின் ஐவகைச் சொற்பாகுபாட்டைக் கேட்டிருப்பர். தொல்காப்பியர் வழி நாம் அறிந்தவை பெயர், வினை, இடை, உரி என நான்கு. அரபு பயின்றோர் இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என மூன்றே சொல்வர். ஆங்கிலப் பள்ளி நூல்கள் எட்டு என்கின்றன. எண் கண்டு மிரள வேண்டா. ஆங்கிலம் தனியே பிரிக்கும் 'ப்ரோநவுன்' தமிழில் பெயருள் அடங்கும். அரபிலும் அவ்வாறே இஸ்முள் அடங்கும். 'அட்ஜெக்டிவ்' என்பது உரிச்சொல்லே என எழுதும் வழிகாட்டி நூல்களும் உள. அது பாதி உண்மையே. 'நல்ல', 'பெரிய' போன்றவற்றை நம் இலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்றன்றோ கூறும்!

இனி, 'ஃபாஸ்ட்' என்னும் ஒரு சொல்லைக் காண்போம். 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்பதில் அது 'டிரெயின்' என்னும் பெயரைத் தழுவி நிற்றலின் அட்ஜெக்டிவ், 'வேகமான' என்போம். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் ஓடுதல் என்னும் வினையைத் தழுவுதலின் அட்வெர்ப், 'வேகமாக' என்போம். 'தி ஃபாஸ்ட் எண்ட்ஸ் அட் சன்செட்' என்பதில் 'தி' முன்வர, எழுவாயாய் நிற்பதால் பெயர். நோன்பு என்பது பொருள். 'வி ஃபாஸ்ட் இன் ரமலான்' என்பதில் எழுவாயை அடுத்துப் பயனிலையாதலின் வினை. இறந்த காலத்தில் 'ஃபாஸ்டட்' என்றாகும். தமிழ் '-ஆன', '-ஆக' என ஈற்றில் வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. இச்சொல்லிலோ அத்தகைய ஈறு இல்லை. அண்டை வீட்டாரைக் கேட்டே அதன் வகையை அறிதல் வேண்டும்.

மாணவர் மிகுதியும் இடறுவது 'ஆஃப்டர்' என்பதில். 'ஆஃப்டர் தி ஃபெஸ்டிவல்' என்புழிப் பெயர் மட்டும் தொடர்வதால் பிரெப்பொசிஷன். 'ஆஃப்டர் தி ஃபெஸ்டிவல் எண்டட்' என்புழி எழுவாயும் பயனிலையும் கொண்ட தொடர் வருவதால் கன்ஜங்ஷன். ஐயம் எழின் தமிழாக்கிப் பார்க்கலாம். 'விழாவுக்குப் பின்' எனின் 'பின்' என்பதற்கு முன் நான்காம் வேற்றுமை நிற்கும்; 'விழா முடிந்த பின்' எனின் பெயரெச்சம் நிற்கும். ஆங்கிலத்தில் பின்னே நோக்க வேண்டியதைத் தமிழில் முன்னே நோக்குகிறோம். 'பிஃபோர்' என்பதற்கும் இம்முறை பொருந்தும்.

'லைட்' என்னும் சொல் விளக்காகவும், ஏற்றுதலாகவும், கனமின்மையாகவும் வரும் மூன்று வாக்கியங்களை மாணவர் தாமே அமைத்து, ஒவ்வொன்றிலும் அதன் அண்டைச் சொற்களை அடிக்கோடிட்டுப் பார்க்க.