மடிப்பில் அடங்கிய ஆணை

அன்புள்ள கண்ணனுக்கு,

வைரஸின் ஆர்.என்.ஏ. இழை ஈரல் செல்லுக்குள் புகுந்தபின், தன் பிரதிகளை எப்போது படைப்பது என்பதை யார் சொல்லித் தெரிந்துகொள்கிறது என்று நீ கேட்டிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது. யாரும் சொல்வதில்லை, அவ்விழை மடிந்துகிடக்கும் விதத்திலேயே அந்த ஆணை அடங்கியிருக்கிறது.

ஹெப்படைட்டிஸ் சி வைரஸை எடுத்துக்கொள். ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கோத்த ஒற்றை இழையே அதன் மரபுத் திரவியம். அதைத் தலையிலிருந்து படித்துவந்து ரிபோசோம் புரதம் செய்யவேண்டும். பாலிமரேஸ் என்னும் என்ஸைமோ வாலிலிருந்து எதிர்த்திசையில் நகர்ந்து எதிரிழையை வார்க்கவேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே புறப்பட்ட இரு ரயில்களைப்போல் இவை மோதிக்கொள்ளாதிருக்க ஓர் ஏற்பாடு அவசியமன்றோ?

1989-இல் இவ்வைரஸ் கண்டறியப்பட்ட பின்னரும் சில ஆண்டுகள்வரை, ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் பகுதியோடு இழை முடிகிறதென்றே விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். அதற்கும் அப்பால், இழை தன்மீதே மடிந்து உருவாகும் தண்டு வளையங்கள் மூன்றாக மடியக்கூடிய 98 எழுத்துகள் இருப்பதும், வைரஸின் பிற பகுதிகள் இனத்துக்கினம் வெகுவாக மாறுபட்டிருக்க இவ்வால் மட்டும் ஏறக்குறைய மாறாதிருப்பதும் பின்னரே புலனாயின. பின்னாளில், 2020-இல், நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ரைஸின் குழுவினர், வாலைச் சேர்த்துப் பிழைகளையும் நீக்கிய இழையை 1997-இல் சிம்பன்ஸியின் ஈரலில் செலுத்தியபோது நோய் தோன்றியது. வாலைக் களைந்து செலுத்தியபோது தோன்றவில்லை. முனையில் கிடந்த சிறு துண்டு என்று அலட்சியம் செய்திருந்தால் எத்தனை பெரிய உண்மை கைநழுவிப் போயிருக்கும்!

தலைப்பகுதியிலும் மடிப்புகள் உண்டு. ரிபோசோமை ஈர்த்து அமர்த்துபவை அவையே. ஈரலுக்கே உரிய மிர்-122 என்னும் சிற்றிழை அங்கே ஈரிடங்களில் பற்றிக்கொண்டு இழையைச் சிதையாமல் காக்கிறது.

ஆயினும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பாலிமரேஸ் புரதத்துக்கான செய்தியைத் தாங்கிய பகுதிக்குள்ளேயே ஒரு தண்டு வளையம் இருக்கிறது. அதன் நுனியிலுள்ள ஏழு எழுத்துகள், வாலின் நடுவளையத்து எழுத்துகளோடு முத்தமிடுவதுபோல் இணைகின்றன. புரதப் பணியிலிருந்து பிரதிப் பணிக்கு இழை மாறுவதில் இவ்விணைப்புக்குப் பங்குண்டு என்று கருதுகிறார்கள். 2005-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் ஒரு வளையத்தின் எழுத்துகளை மாற்றினார்கள், பிரதியாக்கம் நின்றது. மற்ற வளையத்தையும் அதற்குப் பொருந்துமாறு மாற்றியபோது, எழுத்துகள் மாறியிருந்தும், இணைப்பு மீண்டது. பிரதியாக்கமும் மீண்டும் தொடங்கிற்று.

அன்புடன்,
உன் சித்தப்பா