பாரமகாலும் மைசூர் வாணப் படையும்

ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் திப்பு சுல்தான் என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். இது மிகை. போரில் வாணம் எய்யும் வழக்கம் அவருக்கு முன்பே இந்நாட்டில் இருந்தது; அவருடைய பாட்டனார் ஃபத்து முகம்மதே ஆற்காட்டு நவாபின் சேனையில் வாணக்காரர்களுக்குத் தலைமை தாங்கியவர். ஐதர் அலியும் திப்புவும் செய்தது வேறு. என் கருத்தில் அதனினும் பெரிது. சிதறிக் கிடந்த ஒரு கைத்திறனை அவர்கள் ஒழுங்குபட்ட படைப்பிரிவாக்கினர்.

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகள் அக்காலத்தில் பாரமகாலைச் சேர்ந்தவை. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாய்களின் வாயில் இது. 1767இல் மூண்ட முதல் மைசூர்ப் போரிலேயே காவேரிப்பட்டினம் முதலிய கோட்டைகள் கைமாறின. இத்தகைய மலைவழிகளில் பீரங்கி இழுப்பது பெரும்பாடு. சக்கரம் புதைந்தால் காளைகளும் ஆட்களும் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். வாணமோ ஒருவன் கையில் எடுத்துச் செல்லக்கூடியது.

அதன் அமைப்பு எளிது. மருந்து கெட்டித்த இரும்புக் குழல். அதனுடன் பிணைத்த நீண்ட மூங்கில். ஐரோப்பிய வாணங்களின் கூடு பெரும்பாலும் அட்டையால் ஆனது. இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்குமாதலின் மைசூர் வாணம் ஒரு மைலுக்கு மேலும் பாய்ந்தது. குறி தப்புவது அதன் குறை. ஆயினும் சீறிவரும் நெருப்பைக் கண்டு குதிரைகள் மிரண்டால் அணி குலையும். இழுவைக் காளைகள் ஓடினால் எதிரியின் பீரங்கி வெறும் இரும்பே!

திப்பு தம் படையணிகளான குஷூன்கள்தோறும் வாணக்காரரைச் சேர்த்தார். ஐதர் காலத்தில் ஏறத்தாழ 1,200 பேராயிருந்த இவர்கள், திப்பு காலத்தில் 5,000 வரை பெருகினர் என்பர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காரணம் வாணமா, பீரங்கிக் குண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அக்காட்சியைச் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் காணலாம்.

1791 நவம்பரில் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றார். எனினும் 1792 உடன்படிக்கையால் பாரமகால் கம்பெனியின் வசமாயிற்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் உருவாக்கியவை 1807இல் கோபன்ஹேகன் நகரை எரித்தன.

2018இல் கருநாடகத்தின் நகரா கோட்டையில், பாழ்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணக் குழல்கள் வெளிப்பட்டன. கெட்டித்த மருந்து அவற்றுள் இன்னும் இருந்தது.