அந்துருண்டையும் விண்மீன் ஒளியும்

சாரல் காலத்து இலஞ்சியில் துணிப்பெட்டியைத் திறந்தால் மணக்கும் அந்துருண்டை, நாப்தலீன் என்னும் இருவளையச் சேர்மமாகும். (இன்று வேறு சேர்மத்தாலும் செய்கின்றனர்.) இத்தகைய பல்வளையக் கரிமச் சேர்மங்கள் விண்மீன்களுக்கு இடையேயும் உள. ஆங்கே புறஊதாக் கதிர் தாக்க, மின்னணு ஒன்றை இழந்து அயனியாகின்றன.

அயனியானவுடன் அவை உடைந்துவிடுவதில்லை. எஞ்சிய ஆற்றல் எல்லாப் பிணைப்புகளிலும் அதிர்வாய்ப் பரவுகின்றது. ஓரிடத்தில் போதிய அளவு குவிந்தாலன்றிப் பிணைப்பு அறாது. எனவே, அணுக்கள் மிகுந்த மூலக்கூறு பெருங்குடும்பம் போலச் சுமையைப் பகிர்ந்து தாங்கும்.

நாப்தலீன் அயனியின் நிறை 128. ஒரு ஹைட்ரஜன் அணு பிரிந்தால் 127; அசிட்டிலீன் கழன்றால் 102. முன்னாளில் ஊர்வலங்களில் எரிந்த கார்பைடு விளக்கின் வாயுவே இந்த அசிட்டிலீன்! இவ்விரு வழிகளும் ஏறத்தாழ ஒத்த ஆற்றலில் போட்டியிடுகின்றன. கொரோனீன் போன்ற பெரியவையோ, கரிமக் கூட்டைக் காத்து, விளிம்பிலுள்ள ஹைட்ரஜனையே முதலில் உதிர்க்கின்றன.

நம் மலைக்கு அப்பால், திருவனந்தபுரத்து இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தார், புரோட்டான் கற்றை நாப்தலீனைத் தாக்கும் நிகழ்வை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர்.

சிறு மூலக்கூறுகள் விண்மீன் ஒளியில் நிலைப்பது அரிது என்றே கருதப்பட்டது. ஆயினும் 2021இல், சயனோநாப்தலீன் இடப மண்டலத்து முகில் ஒன்றில் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அது, புறஊதாக் கதிர் எளிதில் புகாத இருண்ட முகில்.