முதல் பக்கத்திலிருந்து தொடங்காதே

அன்புள்ள குட்டிக்கு,

பெரியப்பா எழுதுவது. பழைய புத்தகக் கடையில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யின் தமிழ்ப் பதிப்பு ஐந்து பாகமும் கிடைத்ததென்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் முதல் மேளமான, அதாவது முதல் தாய் ராகமான, கனகாம்பரியில் ஆரம்பித்து வரிசையாகப் படித்து வருகிறாய் என்றும், மூன்றாவது மேளத்துக்குள் கொட்டாவி வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாயே! அகராதியை 'அ'விலிருந்து படிக்கிறவர் யாராவது உண்டா? மூடி வை. முதலில் ஒரு பாட்டைக் கேள். அப்புறம் அதைத் தேடிக்கொண்டு புத்தகத்துக்குள் போ.

'கவிக்குயில்' படத்தில் பாலமுரளி பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' உனக்குப் பிடிக்குமே, அதிலிருந்தே தொடங்கு. ராகம் ரீதிகௌளை. புத்தகத்தில் 20-வது மேளத்துக்குப் போ. ரீதிகௌளையை அங்கே 'நாரீரீதிகௌளம்' என்று போட்டிருக்கும், மிரளாதே. அங்கே முத்துசுவாமி தீட்சிதரின் 'ஸ்ரீ நீலோத்பல நாயிகே' இருக்கிறது. அதற்கு ஒரு பதிவைத் தேடிப் பிடித்து, ஸ்வர வரியை விரலால் தொட்டபடி கேள். எழுத்துகளுக்கு மேலே நெளிகோடும் வேறு சில குறிகளும் இருக்கும். அவை கமகக் குறிகள், ஸ்வரத்தை எப்படி அசைத்துப் பாடுவது என்று காட்டுபவை. விளக்கம் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நெளிகோடு, அதாவது கம்பிதம், வரும் இடத்தில் குரல் என்ன செய்கிறது என்று மட்டும் கவனி. முதல் வாரத்துக்கு அது போதும்.

இந்தப் புத்தகத்தின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன், அதை வாசிக்கும் விதத்துக்கு உதவும். எழுதியவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். குடும்பச் சொத்தாக இருந்த கிருதிகளை ஊருக்குத் திறந்துவிடும்படி வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். எட்டயபுரம் ஜமீன் ஆதரித்தது. 1904-இல் தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. இரண்டு வருஷத்தில் சுப்பராம தீட்சிதர் காலமானார். அதே ஊர்க்காரரான பாரதியார் அவரைப் பற்றி இரங்கற்பா எழுதியிருக்கிறார். ஆக, உன் கையில் இருப்பது ஒரு பரம்பரையின் சாட்சியம். தீர்ப்புப் புத்தகம் என்று நினைத்து வாசித்தால் சீக்கிரமே குழம்பிப் போவாய்.

அதே 20-வது மேளத்தில் ஆபேரி இருக்கும், பார். அங்கே தீட்சிதரின் 'வீணாபேரி'யும் இருக்கிறது. அதில் தைவதம் சுத்த தைவதம். இப்போது முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடிப் புகழ்பெற்ற 'நகுமோமு'வைக் கேள். தியாகராஜரின் கிருதி, அதுவும் ஆபேரிதான். ஆனால் இன்றைக்கு மேடையில் அதைச் சதுஸ்ருதி தைவதத்தோடு பாடுகிறார்கள். இன்றைய பட்டியல்களும் ஆபேரியைக் கரகரப்பிரியாவின் ஜன்யமாகவே சேர்க்கின்றன. 'புத்தகம் தப்பா, பாடகர் தப்பா?' என்று உடனே எனக்கு எழுதாதே! இரண்டையும் நாலு தரம் மாற்றி மாற்றிக் கேள். ஒரே ஒரு ஸ்வரம் இடம் மாறினால் ராகத்தின் முகமே எப்படி மாறுகிறது என்று காதுக்குப் பிடிபடும். என்னைக் கேட்டால், இந்த மாதிரி இடங்களுக்காகவே இந்த ஐந்து பாகத்தையும் அலமாரியில் வைத்திருக்கலாம்.

கடையில் கிடைக்கும் ராகப் பட்டியல் புத்தகங்களும் வேண்டியவைதான். ஆனால் ஆரோகண அவரோகணத்தை வைத்து ராகத்தைத் தெரிந்துகொண்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துப் பார். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். பிறகு 'சாதிஞ்செனே' பஞ்சரத்னத்தைக் கேள், அது ஆரபி. காந்தாரமும் நிஷாதமும் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும், நடையில் ஒரு துள்ளல் இருக்கும். கோபாலகிருஷ்ண பாரதியின் 'எந்நேரமும் உந்தன் சந்நிதியிலே' தேவகாந்தாரி. அது அவசரமே படாது. நீண்ட பிடிகள், நிறைய அசைவு. இந்த வித்தியாசம் பட்டியலில் எங்கேயும் அகப்படாது. பிரதர்சினியில் ஓரளவு அகப்படும், ஏனென்றால் ராகத்துக்கு ராகம் சுப்பராம தீட்சிதர் தாமே ஒரு சஞ்சாரி இயற்றிச் சேர்த்திருக்கிறார். எந்தப் பிடியில் ராகம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அதில் தெரியும். நேரம் குறைவாக இருந்தால் கீதத்தை விட்டுவிடு, சஞ்சாரியை விடாதே.

மேளத்தின் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்தை வைத்து அதன் எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி கணக்குப் பற்றியும் கேட்டிருந்தாய். மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று. திருப்பிப் போட்டால் 15-வது மேளம். தீரசங்கராபரணம் அதே கணக்கில் 29. வேடிக்கையான ஏற்பாடுதான், பரீட்சைக்கும் உதவும். பாட்டு கேட்பதற்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்கழிக்கு இங்கே வரும்போது புத்தகத்தைக் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு வராதே. ஆலாபனை நடக்கும்போது மடியில் பக்கம் புரட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பாட்டின் முதல் சொல்லைச் சின்னச் சீட்டில் குறித்துக்கொள், வீட்டுக்கு வந்து தேடலாம். இரண்டாம் பாகத்தை மட்டும் பெட்டியில் எடுத்து வா. என் பிரதியில் நடுவே சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா