‘உனக்குத் தாறன்’ என்று ஜப்பானில் சொல்லலாமா?

வந்தாறுமூலை

அன்புள்ள மகளுக்கு,

ஒரு வருடப் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் போகக் கிடைத்திருக்கிறது என்றாய், சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டாயே, அதுதான் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது: “தமிழும் ஜப்பான் மொழியும் சொந்தமாமே சேர், அப்ப நமக்கு லேசுதானே?” செங்கலடிச் சந்தியில் மொழி வகுப்புக்கு நோட்டீஸ் ஒட்டுகிறவர் அப்படிச் சொல்லட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை சொல்லக் கூடாது.

இந்தச் சொந்தக் கதைக்குப் பின்னால் இருப்பவர் சாதாரண ஆள் அல்ல. தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), பழைய ஜப்பானிய மொழியில் கரை கண்டவர். அறுபது வயதை ஒட்டிச் சென்னைக்கு வந்து தமிழறிஞர் பொற்கோவிடம் தமிழ் படித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அருணாசலம் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். தமிழ்ச் சொற்களுக்கும் ஜப்பானியச் சொற்களுக்கும் நூற்றுக்கணக்கில் இணை காட்டினார் ஓனோ. தைப்பொங்கலை ஜனவரி 15இல் வரும் ஜப்பானியச் சிறு புத்தாண்டோடு ஒப்பிட்டார்; 5-7-5-7-7 என்ற அசை எண்ணிக்கையில் அமைந்த அவர்களது பாவடிவத்துக்குச் சங்கப் பாட்டில் வேர் தேடினார்.

அந்த உழைப்புக்குத் தலைவணங்கலாம். முடிவை ஏற்க வேண்டும் என்றில்லை. மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவும் இல்லை. தமிழை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டால் போதாது, தெலுங்கும் கன்னடமும் சேர்ந்த முழுத் திராவிடக் குடும்பத்தின் பழைய வடிவத்தை எடுக்க வேண்டும் என்பது ஒரு தடை. ஒலி ஒப்புமைகளும் பொருள் ஒப்புமைகளும் தளர்வாக இருக்கின்றன என்பது இன்னொன்று. வினை கடைசியில் வருகிறதே, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் நிற்கிறதே என்று நம் ஆட்கள் வாதாடுவார்கள். துருக்கி மொழியிலும் கொரிய மொழியிலும் அப்படித்தான். அவ்வளவு தூரம் ஏன், சிங்களத்திலும் அப்படித்தான். சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. தமிழுக்கு இரத்த உறவு இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படிக்கும் சிங்களப் பிள்ளைக்கும் வாக்கியம் அமைப்பது உனக்குப் போலவே சுலபம். ஆகவே அந்தச் சுலபம் சொந்தத்துக்குச் சாட்சி ஆகாது.

சரி, உறவு இல்லை; ஒற்றுமை இருக்கிறதே என்பாய். ஒற்றுமை இருக்கிற இடத்தில்தான் கால் வழுக்கும். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

கொடுப்பதற்கு ஜப்பானியரிடம் இரண்டு வினை. வேறொருவர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ கொடுத்தால் ‘குரெரு’. நான் பிறருக்கும், பிறர் பிறருக்கும் கொடுத்தால் ‘அகெரு’. ஐரோப்பிய மாணவர்கள் இதில் மாதக்கணக்காகத் தடுமாறுவார்கள். மட்டக்களப்புப் பிள்ளை தடுமாறாது. ‘எனக்குத் தந்தார்’, ‘அவனுக்குக் குடுத்தார்’ என்று பிரித்துப் பேசியே வளர்ந்த பிள்ளை அது. ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘கொடு’ படர்க்கைக்கும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்த விதி தமிழ்நாட்டுப் பேச்சில் பெரிதும் தேய்ந்துவிட்டது. நம் வாயில் இன்னும் கிடக்கிறது. ‘எழுதித் தந்தார்’ என்பதற்கும் ‘எழுதிக் குடுத்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்படியே அங்கேயும் உண்டு. எழுவாயைச் சொல்லாமலே பேசும் மொழி அது; யார் யாருக்குச் செய்தார் என்பதை வினையே காட்டிவிடும்.

இனித்தான் கண்ணி. தமிழில் ‘உனக்குத் தாறன்’ என்போம். முன்னிலைக்கும் ‘தா’ உரியது. அந்தப் பழக்கத்தில் எதிரே நிற்பவரிடம் ‘குரெரு’ போட்டால், பிச்சை போடுகிற தோரணை வந்துவிடும். ‘உனக்கு’ என்றாலும் அங்கே ‘அகெரு’தான். அதையாவது எல்லாரிடமும் சொல்லலாமா? அதுவும் இல்லை. பேராசிரியரிடம் “பையைத் தூக்கித் தருகிறேன்” என்று ‘அகெரு’ சேர்த்துச் சொன்னால், உதவிக்கு வந்த பிள்ளை உபகாரம் செய்பவளாகத் தோன்றும். “தூக்கட்டுமா?” என்று பணிவு வடிவில் கேட்பதே முறை. இதை எந்த உறவுக் கொள்கையும் சொல்லித் தராது.

அன்றாட வாழ்வு இதைவிடக் கறாரானது. விமான நிலையத்தில் வதிவு அட்டை கையில் வரும். தங்குமிடம் உறுதியான 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய சுகாதாரக் காப்பீடும் அங்கேயே. அதில் சேர்ந்தவர் மருத்துவச் செலவில் 30 வீதம் கட்டினால் போதும். மாணவர் விசாவில் பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி வேண்டும்; கிடைத்தாலும் வாரத்துக்கு 28 மணித்தியாலம்தான்.

முதல் வாரமே சோதனை வைப்பது குப்பை. எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், போத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். அட்டவணை ஊருக்கு ஊர் மாறும். தேநீர்ப் போத்தல் ஒன்றை வீசுவதென்றால் மூடியைக் கழற்றி, மேலே சுற்றிய லேபிளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கிப் போட வேண்டும். பிழையான நாளில் வைத்த பையில் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப் போவார்கள். அந்த ஸ்டிக்கரில் இருப்பதை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஓனோ எப்படிக் கைகொடுப்பார்?

வாசிப்பு என்றதும் மன்யோஷூ நினைவுக்கு வருகிறது. எட்டாம் நூற்றாண்டுத் தொகுப்பு, ஏறக்குறைய 4,500 பாக்கள், 20 பகுதிகள். அதன் காதற் பாக்களைச் சங்க அகப்பாக்களோடு வைத்து மனோன்மணி எழுதியவற்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அக்காலத்தில் ஜப்பானியருக்குச் சொந்த எழுத்து இல்லை. சீன எழுத்துகளையே ஒலிக்கும் பொருளுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பாட்டை எழுதினார்கள். அந்தச் சிக்கலின் மிச்சத்தைத்தான் இன்றைய மாணவர் சுமக்கிறார். பொதுப் பயன்பாட்டுக்கென்று 2010இல் வரையறுத்த கான்ஜி, அதாவது சீன எழுத்து, 2,136. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளே ஆறு வருடத்தில் 1,026 எழுதப் பழகுகிறார்கள். ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு விதமாக ஒலிக்கும். நம் 247ஐச் சொல்லிப் பெருமைப்பட்டவர் அங்கே வாயை மூடிக்கொள்வார்.

சான்றிதழையும் நம்பிவிடாதே. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. எல்லாம் விடை தெரிவு. மேல் நிலையில் தேறியவரும் நகர அலுவலகக் கவுன்டரில் ஊமையாய் நிற்கலாம்.

ஆகவே புறப்படும்வரை தினமும் பத்துக் கான்ஜியைக் கையால் எழுது. ‘குரெரு’, ‘அகெரு’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. போய் இறங்கியதும் குப்பை அட்டவணையை வாங்கி அறைக் கதவில் ஒட்டு. தமிழும் ஜப்பானிய மொழியும் சொந்தமா என்று அங்கே யாராவது கேட்டால், இன்னும் நிறுவப்படவில்லை என்று சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்